ஒன்பதாவது கட்டத்தில் நான் எழுதியது

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். முதியோர் உதவித்தொகை கேட்டு வருகிற மனுக்களை நேரில் விசாரித்து எழுதுகிற வேலை அவருக்கு. ஓய்வு பெறுவதற்கு முன் நான் பல வருஷம் பார்த்த அதே வேலை, அதே பிரிவு. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"சார், வயல் வேலைக்குப் போற ஒரு அம்மாவோட மனுவைத் தள்ளிட்டேன். ஊர்ல சண்டைக்கு வராங்க. வேலைக்குப் போறேன், முடியுதுன்னு அவங்களே வாயால சொன்னாங்க சார். அதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தத் தம்பி மேல் கோபமா, என் மேலேயே கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்ன அந்த வார்த்தையை, எழுத்து மாறாமல், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டும் இருக்கிறேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்திருக்கிற நீங்கள் எல்லாரும் படிக்க வேண்டும். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் அலுவலகம் புதுச்சேரி நகரத்துக்குள் ஒரு பழைய பிரெஞ்சுக்காலக் கட்டடத்தில் இருந்தது. நான் சைக்கிளில்தான் விசாரணைக்குப் போவேன். இப்போது வீடும் கடையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற மூலக்குளம் அப்போது பாதி வயல். அதைத் தாண்டிவிட்டால் வில்லியனூர் சாலைக்கு இரண்டு பக்கமும் பச்சைதான். அந்தப் பச்சையில் குனிந்து நின்றவர்களில் இளசு என்று ஒருவரும் இல்லை. நான் தினமும் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

பையன்கள் ஆலைச் சங்கு ஊதினால் ஆலைக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் தட்டாஞ்சாவடிப் பக்கம் பட்டறை, கம்பெனி என்று டிபன் தூக்கோடு கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இடுப்பொடியச் சேற்றில் நிற்க யாருக்கு ஆசை? ஆனால் அவர்கள் போன பிறகு நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் மிச்சம் நின்றது பெரும்பாலும் ஐம்பத்தைந்து, அறுபது, அதற்கும் மேற்பட்ட உடம்புகள்தான். ஊருக்கே சோறு போட்டது அந்த முதுகுகள். இனிமேல் அவை நிமிரலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற தாளை நான் ஒரு ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு சுற்றினேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தாளில் ஒன்பதாவது கட்டம் என்று ஒன்று உண்டு. "உழைக்கும் திறன் உண்டா, இல்லையா?" உண்டு என்று எழுதினால் மனு அங்கேயே செத்தது. இல்லை என்று எழுதினால் மேலே போகும்.

எனக்கு வேலை பழக்கியவர் எங்கள் தலைமை எழுத்தர். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். கசங்காத சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. நாங்கள் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், யாரிடமும் கை நீட்டாதவர். அவர் எனக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுத்தார். "தம்பி, ஒன்பதாவது கட்டத்துக்கு நீ மூளையைக் கசக்காத. நேரா கேளு. அவுங்க வாயால சொன்னத அப்படியே எழுதிக்க. நாளைக்கு எவன் கேட்டாலும் உன் தலைக்கு வராது."

என் தலைக்கு வராது. இந்த மூன்று வார்த்தையை நான் வேதம்போலப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கும் எவராவது ஒரு முசே இதைச் சொல்லியிருப்பார். நல்லவர்கள் சொல்லிக்கொடுக்கிற தப்புதான் நம் கையில் நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் நகரத்தில் முகாம் வைத்தோம். வில்லியனூர் சாலைப் பக்கத்து ஊர்களிலிருந்து அறுபது எழுபது பேர் பஸ் பிடித்து வந்து காலை எட்டு மணிக்கே கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பட்டியல் மேசைக்கு வந்தாக வேண்டும் என்று எங்கள் அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஊருக்கும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் இருந்து, இவர் எங்கள் ஊர் ஆள்தான் என்று அடையாளம் சொல்ல வேண்டும். அது முறை. நான் சொல்லப்போகிற அஞ்சலை என்கிற அம்மாவின் ஊருக்கு அப்படி வந்தவர் பத்துக் காணி நஞ்சை வைத்திருந்த ஒரு நிலக்காரர். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மகன்களில் ஒருவன் பிரான்சில், ஒருவன் நகரத்தில். வெள்ளை வேட்டி, வாசனைப் பாக்கு, மரியாதையான பேச்சு. அவரை எப்படித் தரையில் உட்காரவைப்பது? என் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். காபியும் வரவழைத்துக் கொடுத்தேன். அந்த நாற்காலியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் மூன்றரைக்கு அஞ்சலை வந்து நின்றார். நடவுக்காரி. புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகள், கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். பிறந்த தேதிக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. முகத்தைப் பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். ஆனால் முன்தலை கறுகறுவென்று இருந்தது. விறைப்பாக நின்றார். அவர் பார்வை ஒருமுறை பக்கத்து நாற்காலிக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்?

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"போறேன் சாமி. போவாம?"

"நடவு நட முடியுதா?"

"ஏன் முடியாது? எவளுக்கும் கொறையாம நடுவேன்."

நிலக்காரர் சிரித்துக்கொண்டே, "அவ கைநடவு எங்க ஊர்லயே பேர் போனது சார்" என்றார். அஞ்சலையும் சிரித்தார். எனக்குப் பின்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது கட்டத்தில் "உண்டு, அவரே ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். முடி பெரும்பாலும் கறுப்பு என்றும் ஓரத்தில் குறித்தேன். கெட்டிக்காரத்தனம்! அந்த ஊரிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு இதே பதிலைத்தான் சொன்னார்கள், இதே விறைப்போடு. பாதி மனுக்கள் தள்ளுபடி ஆயின. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பட்டியல் தயார். அதிகாரி என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, கண் தெரியாத ஒருவரின் மனுவை விசாரிக்க அதே ஊருக்குப் போனேன். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டேன். ஊர்முனையில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த நிலக்காரர் கையில் குடையோடு அவர்கள் முன்னால் நடந்துவந்தார். அன்றைய நடவுக்கு ஆள் எடுக்கிறார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நீ வா, நீ நில்லு என்று பிரித்தார். அஞ்சலை கொஞ்சம் வயது குறைந்த இரண்டு பேருக்கு நடுவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா அஞ்சல, முடியுமா ஒன்னால?"

"ஏன் முடியாது ஆண்டே? எவளுக்கும் கொறையாம நடுவேன்."

அதே வார்த்தை. அதே விறைப்பு. அதே சிரிப்பு. என் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது ஐம்பது வருஷமாக ஒவ்வொரு விடியலிலும் அந்தப் பெண் பதில் சொல்லிவருகிற கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முடியாது என்று ஒருநாள் சொன்னால் அன்றைக்கு அடுப்பு எரியாது. போதாக்குறைக்கு, அதே கேள்வியைத் தினமும் கேட்கிற ஆளையே பக்கத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு நான் கேட்டிருக்கிறேன். அவர் எதிரில் அவர்கள் வேறு என்ன பதில் சொல்வார்கள்? செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கண் தெரியாதவரின் விசாரணையை முடித்துவிட்டு வயல் பக்கம் போனேன். வெயில் ஏறியிருந்தது. வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையின் நெற்றியிலிருந்து கறுப்பாக வேர்வை வழிந்தது. தோசைக்கல்லின் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து முன்தலையில் பூசியிருந்தார். நரை தெரிந்தால் நீ நில்லு என்று வரிசையிலேயே ஒதுக்கிவிடுவார்களே! நான் ஓரத்தில் குறித்த கறுப்பு முடி அதுதான்.

இன்னொன்றையும் பார்த்தேன். அவருக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் தங்கள் பங்கை நட்டுவிட்டு, கையை நீட்டி அவர் பங்கிலும் பாதியை நட்டார்கள். வரப்பிலிருந்து பார்க்கிறவனுக்கு வரிசை நூல் பிடித்த மாதிரி தெரியும். எவர் பின்தங்கினார் என்று தெரியாது.

கஞ்சி குடிக்கக் கரையேறியபோது அந்த இரண்டு பேரில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சின்னப்பொண்ணு என்று பெயர், நாற்பத்தைந்து இருக்கும். "நீதானே சாரு அந்தச் சீட்டு எழுதுனது?" என்று எழுந்து வந்தாள். "இத்தினி படிச்சிக்கிறியே, ஒனக்குக் கண்ணு எங்க இருந்துச்சி? ரெண்டு வருசமா அது பங்க நாங்கதான் நடறோம். வரிசையில ஒரு ஆளு கொறஞ்சா ஆண்டை எங்களையும் சேத்து நிறுத்திடுவாரு. அதனால வாயத் தொறக்கல."

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று உறைத்தது.

"எங்க சொல்றது? ஆண்டை மடியில ஒக்காந்துகினு கேட்டா?"

அஞ்சலை அவளை அதட்டி உட்காரவைத்தார். மனுவைத் திரும்ப எடுக்கிறேன், இந்தத் தடவை முடியாது என்று சொல்லுங்கள் என்று நான் அவரிடம் கேட்டுக்கொண்டேன். உடனே தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சாமி, முடியாதுன்னு ஒருதரம் சொல்லிட்டா அது ஊருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் எவன் என்னை நடவுக்குக் கூப்புடுவான்? ஒங்க காசு எப்ப வரும்? வருமா? அது வர வரைக்கும் நான் எதத் தின்றது?"

மானத்துக்காக மறைக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்னைவிடத் தெளிவாக யோசித்து வைத்திருந்தார். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "ஒரு மாசத்துல வாங்கித் தரேம்மா. எம் பொறுப்பு." அதை நம்பித்தான் அவர் தலையாட்டினார். யாரைக் கேட்டு அந்த ஒரு மாதத்தைச் சொன்னேன்? கோப்பு எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? குற்ற உணர்ச்சியில் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் மனசைத்தான் ஆற்றும், அவர்கள் வயிற்றை ஆற்றாது.

அலுவலகத்துக்கு வந்து, என் விசாரணை தவறு என்று நானே எழுதிக் கொடுத்தேன். முசே மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதிகாரி கூப்பிட்டு, "உங்க கையெழுத்த நீங்களே பொய்னு எழுதுவீங்களா? அடுத்த வருஷம் பதவி உயர்வுல ஒங்க பேரு இருக்குது, தெரியும் இல்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கடைசியில், அந்த அம்மாவை அழைத்துவாருங்கள், நானே கேட்கிறேன் என்றார். நிலக்காரர் வேண்டாம், அடையாளத்துக்குச் சின்னப்பொண்ணு வரட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதிகாரியின் அறையில் அஞ்சலை நின்றார். தலையில் கரி பூசவில்லை. பஞ்சாக நரைத்திருந்தது. "வேலை செய்ய முடியுதாம்மா?" என்று அதிகாரி கேட்டதும் அவர் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே யாரும் இல்லை. அப்புறமும் வாய் திறக்கவில்லை. நான்தான் கேள்வியை மாற்றினேன். "கடைசியா நடவுக்குப் போனீங்களே, முடிஞ்சதும் வீட்டுக்கு எப்பிடிப் போனீங்க?"

"எல்லாரும் போவட்டும்னு வரப்புல ஒக்காந்துக்குவேன் சாமி. இடுப்பு நிமிராது. இருட்டுனாப் பொறவு, யாரும் பாக்கறதுக்கு இல்லாதப்ப, கையும் காலும் ஊனிக்கினு போவேன்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டார். அவரும் மனிதர்தானே. "அப்போ, முடியல?" என்று கேட்டார்.

"முடியல சாமி" என்றார் அஞ்சலை. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். படியிறங்கும்போது என்னிடம், "சொல்ல வெச்சிட்டியே" என்றார்.

உத்தரவு வர ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதம்! அவர் சொன்ன மாதிரியே விஷயம் ஊருக்குத் தெரிந்தது. நிலக்காரர் அவரை வரிசையிலேயே நிற்கவிடவில்லை. "சர்க்காரே முடியாதுன்னு எழுதிடுச்சி, நான் எப்பிடிக் கூப்புடறது?" என்றாராம். அந்த ஏழு மாதமும் சின்னப்பொண்ணும் மற்றவர்களும் தங்கள் உலையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நான் இரண்டே தடவைதான் போனேன். போக முகம் இல்லை. அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்துத்தான் எழுதிவைக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஏதோ ஒரு தப்பைத் திருத்தினேன் என்று தூங்கியிருப்பேன். அடுத்த சம்பா நடவுக்கு நிலக்காரருக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் படுத்துவிட்டார்கள், ஒருவர் செத்துப்போனார், புதிதாக வர ஒரு பெண்பிள்ளை இல்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முடியாதவள் என்று ஒதுக்கிய அதே ஆள், அதே அஞ்சலையின் வாசலில் வந்து நின்றார். "வா அஞ்சல, நாலு நாளு கைகொடு." இவரும் போனார். வந்த உதவித்தொகை அரிசிக்குச் சரியாக இருந்தது, மருந்துக்குப் போதவில்லை. ஒரு வாரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. முடியாது என்று பணம் வாங்குகிறவள் நடவு நடுகிறாள், வந்து பாருங்கள்.

அதிகாரி கடிதத்தை என் முன்னால் போட்டார். "நீங்களே போங்க. நேர்ல பாத்து ஒன்பதாவது கட்டத்த மறுபடி எழுதிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்." உண்டு என்று எழுதினால் அஞ்சலைக்கு வருவது நிற்கும். இல்லை என்று எழுதி, நடுவதை வேறு எவராவது வந்து பார்த்துவிட்டால், பொய் அறிக்கை கொடுத்தவன் என்று என் வேலை போகும்.

போனேன். அஞ்சலை சேற்றில் இருந்தார். நட்டுக்கொண்டுதான் இருந்தார். வரப்பில் குடைக்கு அடியில் நிலக்காரர். "பாருங்க சார், முடியாதுன்னு எழுதுனீங்களே, எப்பிடி நடுறா பாருங்க" என்று பெருமையாகவே சொன்னார். கடிதத்தை எழுதியது அவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நீங்க கொஞ்சம் வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"இது என் நெலம் சார்."

"நெலம் உங்களுது. விசாரணை என்னுது. போங்க."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் போனார். அவர் குடை ஊர்முனையில் மறையும்வரை காத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அஞ்சலைக்கு எதிரில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் பெண்கள் அவர் பங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிறுத்தவில்லை.

"அஞ்சலம்மா, முடியுதா?"

அவர் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. குனிந்தபடியே, "முடியல சாமி" என்றார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த நாற்றைச் சேற்றில் ஊன்றி, அடுத்ததை எடுத்தார்.

வரப்பில் உட்கார்ந்து, சேற்றுக் கையோடு எழுதினேன். "உழைக்கும் திறன் இல்லை. நேரில் பார்த்தேன். நட்டுக்கொண்டிருந்தார். முடியாமல் நட்டுக்கொண்டிருந்தார்." அதிகாரி அதை மூன்று தடவை படித்தார். இது என்ன பதில் என்று கேட்டார். பார்த்தது அதுதான் என்றேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அஞ்சலைக்குக் கடைசிவரை பணம் வந்தது. என் பதவி உயர்வு நான்கு வருஷம் தள்ளிப்போனது. போகட்டும்.

ஆனால் அந்த முகாமில் அதே ஊரிலிருந்து வந்து அதே பதிலைச் சொல்லித் தள்ளுபடியான மற்றவர்கள்? அவர்களில் மூன்று பேரின் மனுவைத்தான் என்னால் திரும்ப எடுக்க முடிந்தது. மற்றவர்கள் என் கையெழுத்தின் கீழேயே செத்துப்போனார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தத் தம்பியின் கையில் காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீங்க அந்தம்மாகிட்ட கேட்டப்ப, உங்க பக்கத்துல யாராவது ஒக்காந்திருந்தாங்களா?"

"ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சார். ரொம்ப நல்லவரு. அவர்தான் நாற்காலி, டீ எல்லாம் ஏற்பாடு பண்ணாரு."

"அவருக்கு நெலம் இருக்குதா?"

தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மாவ மறுபடி போய்ப் பாக்கறேன் சார்" என்று எழுந்து செருப்பை மாட்டினார்.